இலங்கையில் மேய்ந்த நீர்யானை

நீர்யானை என்றதும் ஆப்பிரிக்காதான் நினைவுக்கு வரும். ஆனால் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பலருக்கே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாமே இருந்தன!

இதைக் காட்டிக்கொடுத்தவை இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகள். மேல்மண்ணையும் களிமண்ணையும் தோண்டிக் கீழே போனால் பழைய ஆற்றின் கூழாங்கல் படிவு வரும். சிங்களத்தில் அதற்கு 'இல்லம்' என்று பெயர். நீலக்கல் கிடைப்பது அதில்தான். கூடவே பல்லும் எலும்பும் வரும். கல்லுக்கு விலை உண்டு, எலும்புக்கு ஏது விலை? எத்தனை எலும்பு மண்ணோடு மண்ணாகப் போனதோ!

கிடைத்தவற்றைச் சேர்த்து ஆராய்ந்தவர் பி.இ.பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை இலங்கை தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர். குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து, இலங்கையில் சிங்கம் இருந்தது என்று 1939இல் எழுதினார். நீர்யானைக்கு அவர் வைத்த பெயர் ஹெக்ஸாபுரோட்டோடான் சின்ஹலேயஸ். முதல் சொல்லுக்கு 'ஆறு முன்பல்' என்று பொருள். இன்றைய ஆப்பிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் நான்கு வெட்டுப்பற்கள்தான், இதற்கு ஆறு. இதன் உறவுக்கார நீர்யானைகளின் எலும்புகள் நர்மதைக் கரையிலும் கிடைத்திருக்கின்றன.

கடலைத் தாண்டி எப்படி வந்தன? பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியது. ஆழமில்லாத பாக் நீரிணை தரையானது. விலங்குகள் நடந்தே போயிருக்கின்றன.

நீர்யானைக்குப் பகலில் முங்கிக் கிடக்க வற்றாத தண்ணீர் வேண்டும், இரவில் மேயப் புல்வெளி வேண்டும். அப்படியானால் இன்று மழைக்காடாக இருக்கும் இரத்தினபுரிப் பக்கம் அன்று புல்வெளியும் இருந்திருக்கிறது.

பிறகு ஏன் அழிந்தன? தென்னமெரிக்காவில் யானை அளவுக்கு வளர்ந்த மெகாதீரியம் என்ற தரைவாழ் ஸ்லாத் அழிந்ததற்கு, வேட்டையாடிய மனிதன் மேல் பழி சொல்வார்கள். இலங்கையில் அந்தப் பழி அவ்வளவு எளிதில் ஒட்டாது. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வேட்டையாடியது குரங்கையும் அணிலையும்தான் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பருவநிலை மாறி, காடு அடர்ந்து, புல்வெளி சுருங்கியதே காரணமாக இருக்கலாம். காட்டிலும் புல்வெளியிலும் பிழைக்கத் தெரிந்த யானை அந்தப் பெரிய விலங்குக் கூட்டத்திலிருந்து தப்பி இன்றும் அங்கே நடமாடுகிறது.

இரத்தினபுரியில் இன்றும் தோண்டுகிறார்கள். அடுத்த கூடைக் கூழாங்கல்லில் ஒரு பல் வரலாம். அதை யாராவது எடுத்து வைத்தால்தான் மீதிக் கதை நமக்குத் தெரியவரும்.