கச்சேரிக் காகிதமும் கணினித் திரையும்

தர்மபுரி மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு குறிப்பாணையைக் காட்டினார். அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில், அலுவலக இணைய இணைப்பைக் கொண்டு சொந்த வேலை பார்த்தமைக்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அது கேட்டது. அவர் பார்த்த சொந்த வேலை, மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியது. ஆன நேரம் முக்கால் மணி. தமிழாசிரியர் என்பதால் விளக்கத்தை எழுதித் தரும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. இருவரும் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது இரவு ஒன்பதரை மணிக்கு அவருடைய கைபேசி ஒலித்தது. மறுநாள் கூட்டத்துக்கான புள்ளிவிவரத்தை உடனே அனுப்பச் சொல்லி மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. நண்பர் தம் சொந்தக் கைபேசியில், தாம் பணம் கட்டிய இணையத்தில், அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்து அனுப்பிவிட்டு, மீண்டும் தம் குற்றத்துக்கான விளக்கத்துக்குத் திரும்பினார்.

அன்றிரவு நமக்குத் தோன்றிய கேள்வி இதுதான். முதலாளியின் பொருளையும் நேரத்தையும் ஊழியன் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது இணையத்தோடு பிறந்த வழக்கமா? தர்மபுரியின் வரலாற்றையே சற்றுப் புரட்டினால் இதன் வேர் வெகு ஆழத்தில் கிடக்கக் காண்கிறோம்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஊழியர்க்கு மிகச் சொற்பமான சம்பளமே கொடுத்துவந்தது. ‘ரைட்டர்’ என்னும் கடைநிலை எழுத்தருக்குத் தொடக்ககாலத்தில் ஆண்டுக்கு ஐந்து, பத்துப் பவுன்தான். அந்தச் சம்பளத்தை நம்பி எவரும் ஆறு மாதக் கடல் பயணம் செய்து வரவில்லை. ஐரோப்பாவுடனான வணிகத்தைக் கம்பெனி தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, ஆசியத் துறைமுகங்களுக்கிடையே ஊழியர்கள் சொந்த வணிகம் செய்வதற்கு இடமளித்தது. சம்பளத்தில் குறைந்ததை அவர்களே ஈடுகட்டிக்கொள்ளட்டும் என்பது அதன் உட்பொருள்.

விளைவு நாம் அறிந்ததே. 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், பதவியைச் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்தினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு பதவி நீக்கப்பட்டார். அவ்வாறு சேர்ந்த செல்வத்தின் ஒரு சிறு பகுதியே பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைப் பெற்றுத் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆளுநரான தாமஸ் பிட், 410 காரட் எடையுள்ள வைரம் ஒன்றை 48,000 பகோடாவுக்கு வாங்கி, 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இதற்கும் கம்பெனி வேலைக்கும் தொடர்பில்லை. ஆனால் கம்பெனி நாற்காலி இல்லாமல் அந்த வைரம் அவர் கைக்கு வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கம்பெனி வெறும் வணிக நிறுவனமாக இருந்தவரை இது பொறுக்கத்தக்கதாக இருந்தது. வரி வசூலிக்கும் அரசாக அது மாறியபோது குடிகளின் முதுகில் விழுந்தது. 1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் முதல் தடைகளைக் கொண்டுவந்தது. ஆனால் தடையோடு இன்னொன்றும் வேண்டும் என்பதைக் கண்டுகொண்டவர் கார்ன்வாலிஸ். வங்காளத்தில் கலெக்டரின் சம்பளத்தை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தி, வசூலில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகே, சொந்த வணிகம் கூடாது என்று அவர் கண்டிப்புக் காட்டினார். விதி வருமுன் ஊதியம் வந்தது.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதன் முக்கியப் பகுதி. இப்புதிய சீமையைச் சென்னையின் சிவில் ஊழியரிடம் ஒப்படைக்கக் கார்ன்வாலிஸ் துணியவில்லை. அவர்களில் பலருக்கு நாட்டு மொழி தெரியாது, நேர்மையிலும் ஐயம் இருந்தது. ராணுவ அதிகாரியான அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை தர்மபுரியில் இருந்தார்.

மன்றோவின் பாராமகால் ஆண்டுகளைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் கணிசமானவை அவர் வேலைகளுக்கிடையே தந்தைக்கும் தங்கைக்கும் எழுதிய சொந்தக் கடிதங்களிலிருந்து கிடைத்தவை. கச்சேரியின் கூச்சல், ரயத்துகளின் வழக்கு, தர்மபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தின் மீதிருந்த பற்று எல்லாம் அவற்றில் உண்டு. 1830-இல் கிளெய்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியே அவை அச்சேறின. அலுவல் அறிக்கைகள் மட்டும் எஞ்சியிருந்தால் நிலவரித் திட்டம் தெரிந்திருக்கும், மனிதர் தெரிந்திருக்கமாட்டார்.

மன்றோ தர்மபுரிக்கு வந்த அதே 1792-இல்தான் லண்டனில் கம்பெனியின் தலைமையகத்துக் கணக்குப் பிரிவில் சார்லஸ் லாம்ப் எழுத்தராகச் சேர்ந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1825-இல், சம்பளத்தில் மூன்றில் இரு பங்கு ஓய்வூதியத்தோடு வெளியேறினார். ஆங்கில இலக்கியத்தின் மிகச் சிறந்த கடிதங்கள் பலவற்றை அவர் அந்த அலுவலக மேசையிலிருந்தே எழுதினார். இன்றைய கண்காணிப்பு மென்பொருள் அன்று இருந்திருந்தால் லாம்புக்கு வாரம் ஒரு குறிப்பாணை வந்திருக்கும். பிட்டும் கம்பெனி ஊழியர்தான், லாம்பும் கம்பெனி ஊழியர்தான். இருவரும் சொந்த வேலை பார்த்தவர்களே. ஆனால் இருவரையும் ஒரே விதியின் கீழ் நிறுத்துவது நீதியாகுமா?

இணையத்துக்கு மிக நெருங்கிய மூதாதை தபால். கம்பெனி அதிகாரிகள் உறையின் மேல் கையொப்பமிட்டுக் கட்டணமின்றிக் கடிதம் அனுப்பும் சலுகை பெற்றிருந்தனர். அந்த உறைகளுக்குள் சொந்தக் கடிதங்களும், நண்பர்களின் கடிதங்களும் சேர்ந்து பயணம் செய்தன. 1854-ஆம் ஆண்டின் தபால் சட்டம் அச்சலுகையை ஒழித்தது. 1866-இல் அரசுக் கடிதங்களுக்கென்றே ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட தபால்தலைகள் வந்தன. சொந்தம் எது, சர்க்கார் எது என்று ஒரு தபால்தலையால் கோடு கிழிக்க முடிந்த காலம் அது. ஒரே திரையில் இரண்டும் அடுத்தடுத்துத் திறந்திருக்கும் இணையத்தில் அக்கோடு எங்கே விழும்?

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. பலரும் அதை முதலில் கண்டது அலுவலகத்தில்தான். இணையத் தமிழின் தொடக்ககால எழுத்துகளில் எத்தனை அலுவலகக் கணினிகளில் தட்டச்சானவை என்பதை அன்பர்கள் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம். இவ்வழக்கத்துக்கு ‘இணையச் சோம்பல்’ என்னும் பொருளுள்ள பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம். 2002-இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டியது முக்கியமானது. நிறுவனம் தம்மை நியாயமாக நடத்தவில்லை என்று கருதும் ஊழியர், மனத்துக்குள் ஒரு பேரேட்டைத் திறக்கின்றனர். கூடுதலாகக் கொடுத்த உழைப்பை வரவில் எழுதி, இணையத்தில் கழித்த நேரத்தைச் செலவில் எழுதி, கணக்கு நேராயிற்று என்று அமைதி கொள்கின்றனர். ஐந்து பவுன் எழுத்தர் வைத்திருந்ததும் இதே பேரேடுதான்.

இதனால் எல்லாம் சரி என்று நாம் வாதிடவில்லை. அலுவலக ரகசியத்தை விற்பதும், குடிமக்களின் விவரங்களைக் கசியவிடுவதும், ஆபாசப் படங்களை இறக்குவதும், வரிசையில் மக்கள் காத்திருக்கத் திரையில் சீட்டு விளையாடுவதும் தண்டனைக்குரியன. அவை பிட்டின் வழி வந்தவை. ஆனால் நீதிமன்றங்களும் மெல்ல வேறுபாடு காணத் தொடங்கிவிட்டன. ருமேனியாவில் அலுவலக யாஹூ கணக்கில் சகோதரரோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் உரையாடியதற்காக 2007-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட பார்புலெஸ்கு என்னும் பொறியாளருக்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று சார்பாகத் தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் அளவை முன்கூட்டி அறிவிக்காமல் அந்தரங்கத்தைப் படித்தது தவறு என்றது. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். ஆயினும் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்காக ஊழியரின் தரவை அவர் ஒப்புதலின்றியே கையாளுவதற்கு முதலாளிக்கு வழிவிடுகிறது.

கோட்டின் மறுபுறத்தையோ எவரும் அளப்பதில்லை. வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் சட்டத்தில் சேர்த்தது. 2018-இல் நம் மக்களவையில் அதே பொருளில் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

மீண்டும் மன்றோவிடமே வருகிறோம். சென்னை மாகாணத்தின் ஆளுநரான பின், 1824 டிசம்பர் 31 நாளிட்ட நீண்ட குறிப்பில், இந்திய ஊழியரைப் பற்றி அவர் எழுதினார். உயர்பதவிகளை அடைத்துவிட்டு, சிறு ஊதியத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அவர்களிடம் நேர்மை இல்லை என்று பழிப்பது முறையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஐரோப்பிய ஊழியரைத் திருத்தியது நல்ல ஊதியமும் மதிப்பும் என்பதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டவர்.

இந்தச் செய்தியை நண்பரின் விளக்கத்தில் ஒரு பத்தியாக அன்றிரவு சேர்த்திருந்தோம். இரவு நேரப் பணிகளின் பட்டியலையும் இணைத்திருந்தோம். நண்பர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் அடித்துவிட்டு, “இனி இவ்வாறு நிகழாது” என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார். கண்டனம் என்னும் அளவில் காரியம் முடிந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அவருடைய பேரேட்டில் மட்டும் அந்தப் பக்கம் இன்னும் நேராகவில்லை என்றே நினைக்கிறோம்.