இருக்கன்குடி: இரு மணலாறுகளின் ஊர்

சாத்தூருக்குக் கிழக்கே சில கல் தொலைவில், வடபால் அர்ச்சுனா ஆறும் தென்பால் வைப்பாறும் வந்து கூடுமிடத்தில் அமைந்தது இருக்கன்குடி. ‘இரு கங்கைக் குடி’ என்பதே இவ்வாறு மருவிற்று என்பர் ஊரார். கங்கையை இங்குக் கொணர்ந்தது பிற்காலப் பக்தியாக இருக்கலாம். ஆயினும் ஊருக்குப் பெயரிட்டவர் கண்ணில் முதலில் பட்டவை ஆறுகளே எனக் கொள்வதில் தடையில்லை.

இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பிறப்பவை. தாமிரபரணிக்கு வாய்த்த வற்றாத பேறு இவற்றுக்கு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பாலேயே தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையே இவற்றின் உயிர். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் சீமை இது. சில நாள் கரைபுரளும் செந்நீர். எஞ்சிய நாளெல்லாம் மணல். இவ்வறட்சியை வசையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் தழைத்ததற்குக் குச்சியையும் மருந்தையும் விரைந்து உலர்த்திய இந்த வெயிலும் ஒரு காரணம்.

வைப்பாற்றங்கரையின் தொன்மைக்கு இப்போது மண்ணுக்குள்ளிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. இருக்கன்குடிக்கு மேற்கே, இதே ஆற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை அருகே 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கிற்று. முதற்கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் வெளிப்பட்டன. நுண்கற்கருவிகள், மணிகள், சுடுமண் பொருள்கள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் கிடைத்தன. கரிசல் நடுவே சங்கு ஏது? வைப்பாறு சென்று கலப்பது மன்னார் வளைகுடாவில். சங்கு குளிக்கும் கடல் அது. ஆற்றைப் பற்றிச் சென்ற தடத்திலேயே அச்சங்கு மேற்கே ஏறியிருக்கும் எனக் கருதுவது மிகையாகாது. ஓடம் செல்லாத ஆறும் வழிகாட்டும் ஆறுதான். 1876இல் மதுரையிலிருந்து சாத்தூர் வழியே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்ததும் கரிசல் பஞ்சு கடலை நாடி விரைந்தது.

இனி ஆடி மாதத்துக்கு வருவோம். காவிரிக்கரையில் ஆடி பெருக்குக்கு உரியது. புதுப்புனலை மக்கள் கும்பிட்டு வரவேற்பார்கள். இங்கோ ஆடி, ஆறு ஒதுங்கி மக்களுக்கு இடம் தரும் மாதம். ஆற்றுமணலில் கண்டெடுக்கப்பட்டவள் என்று போற்றப்படும் மாரியம்மனை நாடி, ஆடிக் கடைசி வெள்ளியில் நெல்லை, தூத்துக்குடி, மதுரைச் சீமைகளிலிருந்து பெருந்திரள் கூடும். ஒருகாலத்தில் கூண்டுவண்டி பூட்டி வந்தார்கள். நடந்து வருவோர் இன்றும் உண்டு. தங்குவதும், பொங்கல் வைப்பதும், முடியிறக்கிய பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துவதும் ஆற்றுப்படுகையிலேயே. சத்திரம் கட்டி மாளாத கூட்டத்துக்கு மணலே சத்திரம்.

கூடல்துறையில் சந்தை கூடுவது உலக வழக்கு. ஓக்கா ஆறு வால்கா ஆற்றில் கலக்குமிடத்தில் 1221இல் தோன்றிய நகரம் நீழ்னி நோவ்கரத். வால்காக்கரையில் மக்காரியேவ் மடத்தருகே கூடிவந்த பெருஞ்சந்தை, 1816இல் தீக்கு இரையானபின் 1817இல் இந்நகருக்குப் பெயர்ந்தது. அதுவும் நம் ஆடியை ஒட்டிய கோடைச் சந்தைதான். நம் தலைமுறை ‘தாய்’ நாவலால் அறிந்த மாக்சிம் கார்க்கி 1868இல் பிறந்த ஊரும் அதுவே. 1932 முதல் 1990 வரை அவர் பெயரையே அது தாங்கியிருந்தது. அங்கே பனிக்கட்டி உருகி ஆறு திறந்த பின்னரே படகுகள் வரும். இங்கே நீர் வடிந்த பின்னரே வண்டிகள் இறங்கும்.

வைப்பாற்றுக்கு வெம்பக்கோட்டையிலும், அர்ச்சுனா ஆற்றுக்குக் கொல்வார்பட்டியிலும் அணைகள் எழுந்தன. பின்னர் இருக்கன்குடியிலும் நீர்த்தேக்கம் வந்தது. கரிசல் உழவனுக்கு அவை வேண்டியவையே. அவற்றைக் குறை கூறுவார் கூறட்டும், நான் கூறேன். என் கவலை மணலைப் பற்றியது. வைப்பாற்று மணல் வண்டி வண்டியாகக் கட்டடங்களுக்குப் போயிற்று. மணல் போன இடத்தில் சீமைக்கருவேலம் வேரூன்றிற்று. மணல் என்பது வெறும் தரையன்று; கார்த்திகை வெள்ளத்தை ஆடிவரை காத்து வைத்த களஞ்சியம். கையால் தோண்டினாலே ஊற்று சுரக்கும். அந்நீரில்தான் பொங்கல் பானை ஏறும். இன்று படுகையில் அடுப்புக் கூட்டுவோர் தண்ணீரைக் குடத்திலும் புட்டியிலும் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.