குழாய் வந்த காலமும் பேருந்தின் உடைமையும்: பெங்களூருவின் எரிபொருள் மாற்றம்

பழைய டீசல் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிய இந்திய நகரம் என்றதும் டில்லியே நினைவுக்கு வரும். எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 2002 இறுதிக்குள் அந்நகரின் டீசல் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறின. பெங்களூருவில் இது நடக்கவில்லை. நிர்வாக மெத்தனமே காரணம் என்போர் உண்டு. அது பாதியளவே சரி. எரிபொருளைப் பற்றிய விவாதம் அதைவிடப் பெரிய மாற்றமொன்றை மறைத்துவிட்டது என்பதே என் வாதம்.

டில்லியின் ஆணை நிறைவேறியதற்கு நீதிமன்றக் கண்டிப்பு மட்டும் காரணமன்று. ஹசீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் குழாய் வழியே வடஇந்தியாவுக்கு எரிவாயு முன்பே வந்திருந்தது. அப்படியிருந்தும் நிரப்பு நிலையங்கள் போதாமல் பேருந்துகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் (பி.எம்.டி.சி.) 1997இல் தனியாகப் பிரிந்தபோது இந்நகருக்குக் குழாயே கிடையாது. தாபோல்–பெங்களூரு குழாய் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. மெத்தனக் குற்றச்சாட்டு பொருந்துவது அதற்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகளுக்கே.

இன்று அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புதிய டீசல் பேருந்தின் கரித்துகளே வெகுவாகக் குறைந்துவிட்டதால், எரிவாயுவின் முதன்மையான சாதகம் சுருங்கிவிட்டது. வழியில் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். விலையும் நம் கையில் இல்லை. இந்தியா தன் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்கிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் சி.என்.ஜி. விலை ஏறியதை நாடே கண்டது.

ஆகவே மின்பேருந்து சரியான தேர்வுதான். ஆனால் அது வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 2014இலேயே மின்பேருந்தைச் சோதித்த நகரம் பெங்களூரு. பின்னர் மின்வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் ஃபேம் திட்ட முதற்கட்ட மானியம், பேருந்தைச் சொந்தமாக வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்ற சர்ச்சையிலேயே பயன்படாமல் போனது. இரண்டாம் கட்டம் வாடகை முறைக்கே மானியம் என்றது. சர்ச்சை அத்துடன் முடிந்தது. மெட்ரோ இணைப்புக்கு 90, அசோக் லேலண்டின் ஸ்விட்ச் நிறுவனத்திடமிருந்து 300, டாடாவிடமிருந்து 12 ஆண்டு ஒப்பந்தத்தில் 921 என வந்தவை எல்லாம் நிறுவனங்களின் உடைமை. ஓட்டுநரும் பராமரிப்பும் அவர்களுடையவை. நடத்துநர் மட்டும் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தருகிறது. சென்னையும் 2025 ஜூனில் இதே வழியில் இறங்கியது.

எரிவாயுப் பேருந்து வந்திருந்தால் இது நேர்ந்திராது. அதுவும் பிஸ்டன் ஓடும் எஞ்சின்தான். டிப்போ மெக்கானிக் சில மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்வார். மின்பேருந்தின் பேட்டரி அறிவோ ஒப்பந்ததாரரிடமே தங்குகிறது. விலை அதிகம், தொழில்நுட்ப இடரை நிறுவனம் ஏற்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அது விவேகமும்கூட. ஆனால் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கலாகாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. பழைய வண்டி கழியக் கழிய அந்த இடத்தை வாடகை வண்டியே நிரப்பினால் பணிமனைத் திறனும் சேர்ந்து கழியும். பணத்திலும் சிக்கல் உண்டு. 2023 ஜூன் 11இல் தொடங்கிய சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அதற்கான தொகையை அரசு பின்னர் ஈடுசெய்கிறது. அது தாமதித்தாலும் கிலோமீட்டர் வாடகை நின்றுவிடாது. சொந்தப் பேருந்தானால் செலவைச் சற்றுத் தள்ளிப்போடலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை.

பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025இல் பெங்களூருவுக்கு ஒதுக்கப்பட்டவை 4,500 மின்பேருந்துகள். இவற்றுக்கு எழுதப்படும் ஒப்பந்தங்களில் பேட்டரி குறித்த தரவுகள் கழகத்துக்குக் கிடைக்கவும், கழக மெக்கானிக்குகள் நிறுவனப் பணிமனைகளில் பயிற்சி பெறவும், காலம் முடிந்ததும் பேருந்தைக் கழகம் விலைக்கு வாங்கவும் உரிமை எழுதப்பட வேண்டும். இவற்றுக்கு வெளியே ஒரு பகுதியையேனும் கழகம் சொந்தமாக வாங்கி, தன் டிப்போவிலேயே பராமரிக்க மாநில அரசு நிதி தர வேண்டும்.