வணரித்தண்டு நிலை உணரி

வணரித்தண்டு நிலை உணரி என்பது தானுந்து எந்திரத்தின் வணரித்தண்டு எக்கோணத்தில் உள்ளது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பவற்றை எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும் கருவி ஆகும். பட்டறைகளில் இது கிராங்க் சென்சார் எனப்படுகிறது. தீப்பொறி எழவேண்டிய நேரத்தையும் எரிபொருள் தெளிக்கவேண்டிய நேரத்தையும் கணினி இதன் சமிக்ஞையைக் கொண்டே கணிக்கிறது. எனவே சமிக்ஞை அறுந்தால் பல தானுந்துகளில் எந்திரம் உடனே நின்றுவிடும். கார்புரேட்டர் பொருத்திய பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் தீப்பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தீர்மானித்ததால் இவ்வுணரி தேவைப்படவில்லை.

செயற்படும் விதம்

வணரித்தண்டுடன் ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. பரவலாக உள்ள வகையில் 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்கள் விடப்பட்டு 58 பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லும் 6 பாகைச் சுழற்சியைக் குறிக்கும். விடுபட்ட இடம் கணினிக்குத் தொடக்க அடையாளமாகும். நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில், நொடிக்கு 2900 துடிப்புகள் கணினியை அடைகின்றன.

உணரிகள் இரு முதன்மை வகைப்படும்.

* காந்தச் சுருள் வகை: நிலைகாந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. பற்கள் கடக்கும்போது மாறுதிசை மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கும்.
* ஹால் வகை: எட்வின் ஹால் 1879 இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் அமைந்தது. இதற்கு வெளி மின்வழங்கல் தேவை.

வெப்பமும் பழுதும்

உணரி எந்திரத்தை ஒட்டியே பொருத்தப்படுவதால் கடும் வெப்பத்துக்கு உள்ளாகிறது. மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் கோடைப் பகல் வெப்பநிலை 40 °செ அளவை எட்டுவதுண்டு. மாசி வீதிகள் போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் ஊர்ந்து செல்லும்போது காற்றோட்டம் குறைந்து எந்திர அறையின் வெப்பம் மேலும் உயரும்.

செப்புக்கம்பியின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். ஆகவே 20 °செ இல் 1000 ஓம் உள்ள சுருள் 100 °செ இல் சுமார் 1300 ஓம் காட்டுவது இயல்பே. ஆனால் சுருளிலோ இணைப்பிலோ நுண்ணிய விரிசல் இருந்தால், சூட்டில் அது விரிந்து சுற்று அறுபடும். ஆறியதும் மீண்டும் சேரும். இதனால் வழியில் நின்ற தானுந்து சிறிது நேரத்துக்குப் பின் இயங்கி, பட்டறையை அடையும்போது எக்குறையும் காட்டாது. எரிபொருள் பம்பு, மின்கலம் முதலியன தேவையின்றி மாற்றப்படுவதற்கு இதுவே ஒரு காரணம்.

அறிகுறிகள்

* எந்திரம் சூடானபின் முன்னறிவிப்பின்றி நிற்றல்
* ஸ்டார்ட்டர் சுழற்றியும் எந்திரம் இயங்காமை
* ஓட்டத்தில் சுற்றுமானி முள் திடீரெனச் சுழியத்துக்கு வீழ்தல்

கண்டறிதல்

1. நின்ற நிலையிலேயே, ஆறுவதற்கு முன், தீப்பொறியும் எரிபொருள் அழுத்தமும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அழுத்தம் இருந்து தீப்பொறியும் எரிபொருள் தெளிப்பும் இல்லையெனில் உணரியை ஐயுறலாம்.
2. பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0335 என்பது உணரியின் மின்சுற்றில் உள்ள குறையைக் குறிக்கும். உணரியே பழுது என்று அது உறுதிப்படுத்துவதில்லை. குறியீடு பதிவாகாமலும் போகலாம்.
3. இணைப்பி, கம்பிகள், பற்சக்கரம், அதற்கும் உணரிக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காந்த முனையில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைக்க வேண்டும்.
4. காந்தச் சுருள் வகையில் குளிர்ந்தபோதும் சூடானபோதும் மின்தடையை அளந்து கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். ஹால் வகையில் மின்தடை அளவீடு பயன் தராது. மின்வழங்கலையும் வெளியீட்டுத் துடிப்பையும் அளக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஓட்டத்தில் எந்திரம் நின்றால் திசைமாற்றி கனக்கும். வெற்றிட உதவியுள்ள நிறுத்தி சில அழுத்தங்களுக்குப் பின் கடினமாகும். தேசிய நெடுஞ்சாலை 44 இன் திண்டுக்கல்–மதுரை–விருதுநகர் பகுதி போன்ற விரைவுச் சாலைகளில் இது பெரும் ஆபத்தாகும். அப்போது எச்சரிக்கை விளக்கை இட்டு, நிறுத்தியை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, இடப்புறம் ஒதுங்க வேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியை எடுக்கக் கூடாது. எடுத்தால் திசைமாற்றி பூட்டிக்கொள்ளலாம்.