பின்னால் வருகிறவர்

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், மனைவியின் க்ஷயரோகத்துக்காக ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூரில் தங்கியிருந்தார். 1894-ஆம் வருஷம் மார்ச் மாதம், உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ‘ஸ்கீ’ என்னும் நீண்ட கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, பனி மூடிய கணவாயைக் கடந்து அரோஸாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் உட்கார்ந்தபடியே சறுக்கியதில் கால்சட்டை தேய்ந்து போயிற்று. அந்தத் துணி தேயவே தேயாது என்று சொன்ன தையற்காரரைப் பிறகு பத்திரிகையில் கேலி செய்தார். சேதம் அவ்வளவுதான். அந்தப் பனிவெளியில் அவர்கள் மூவர்தாமே இருந்தார்கள். யார் மீது மோதுவது?

கூட்டம் சேர்த்தது இயந்திரம். 1934-இல் அதே டாவோஸில் ஆட்களைக் கம்பிவடத்தால் மேலே இழுத்துச் செல்லும் ஏற்பாடு வந்தது. 1936-இல் அமெரிக்காவின் ஸன் வாலியில், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிகளை நினைவில் வைத்திருந்த ரயில்வே எஞ்சினீயர் ஒருவர், கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். மூச்சு வாங்க ஏற வேண்டியிருந்தவரை மலையே ஆட்களைப் பொறுக்கி எடுத்தது. நாற்காலி அப்படிப் பொறுக்குமா?

அதே 1936-இல் மைனட் டோல் என்ற இன்ஷூரன்ஸ்காரர் வெர்மான்ட் மாநிலத்து ஸ்டோ மலையில் கணுக்கால் முறிந்து கிடந்தார். கூரைத் தகரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் கிடத்தித்தான் இழுத்து வந்தார்கள். உடனிருந்த நண்பரோ சில மாதங்களுக்குள் சறுக்குப் பந்தயம் ஒன்றில் அடிபட்டு இறந்தே போனார். 1938-இல் டோல் தொடங்கிய மீட்புத் தொண்டர் படை இன்றும் இருக்கிறது.

அந்த நாளில் சரிவின் மரியாதை விசித்திரமானது. மேலிருந்து பாய்ந்து வருகிறவர் “டிராக்!” என்று கூச்சல் போடுவார், கீழே போகிறவர் ஒதுங்க வேண்டும். கத்தியாயிற்று, கடமை தீர்ந்தது! கீழே போகிறவருக்கு முதுகில் கண் இல்லையே என்று யோசித்தவர் குறைவு.

1967-இல் பெய்ரூட்டில் கூடிய சர்வதேச ஸ்கீ சம்மேளனம் பத்து விதிகளை ஏற்றது. (பெய்ரூட்டுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், லெபனானில் பனிமலை உண்டு.) விதிகளின் உயிர்நாடி, பழைய மரியாதையைத் தலைகீழாகத் திருப்பியதுதான். முன்னே போகிறவருக்கு ஆபத்து நேராத பாதையைப் பின்னால் வருகிறவரே தேர்ந்துகொள்ள வேண்டும். முன்னவர் தத்தித் தடுமாறும் கற்றுக்குட்டியானாலும் சரி. அவர் எப்படித் திரும்பினாலும் இடமிருக்கும்படி விலகித்தான் முந்தலாம். குறுகலான இடத்திலும் மறைவிலும் நிற்கக் கூடாது, அடிபட்டவருக்கு உதவ வேண்டும், வெறும் சாட்சியானாலும் பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும் என்பனவும் உண்டு. சட்டசபை இயற்றியவை அல்ல. ஆயினும் ஆஸ்திரிய, ஜெர்மானிய நீதிமன்றங்கள் இவற்றைக் கொண்டே குற்றத்தை அளக்கின்றன.

அமெரிக்காவிலும் நியாயம் இதுதான். 2016-இல் யூட்டா மாநிலத்துச் சரிவில் நடிகை க்வினெத் பால்ட்ரோவும் மற்றொருவரும் மோதிக்கொண்டார்கள். மூன்று லட்சம் டாலருக்கு மேல் கேட்டு அவர் வழக்குப் போட்டார். 2023 மார்ச்சில் வக்கீல்களும் வைத்திய நிபுணர்களும் நாட்கணக்கில் மல்லுக்கு நின்றதன் மையத்தில் இருந்தது ஒரு கேள்விதான்: அன்று மேலே இருந்தவர் யார், கீழே இருந்தவர் யார்? நடிகையின் மீது குற்றமில்லை என்றார்கள் ஜூரிகள். எதிர்வழக்கில் அவர் கேட்டிருந்த நஷ்டஈடு ஒரு டாலர். அதைக் கொடுக்கச் சொன்னார்கள்.