பாரீஸில் இரண்டு ரஷ்யர்கள்

ஓவியர் மிகயீல் ஷெமியாக்கினை 1971இல் சோவியத் அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. இன்னோர் ஓவியரான ஆஸ்கர் ராபினிடம் அது இன்னும் தந்திரமாக நடந்துகொண்டது. 1978இல் சுற்றுலா விசாவில் பாரீஸ் போயிருந்தவரின் குடியுரிமையை ஓர் ஆணையால் பறித்தது. அவரால் திரும்பி வர முடியவில்லை. இருவருமே அரசு வகுத்த கலைக்கோட்பாட்டுக்கு அடங்காதவர்கள், இருவருக்கும் பாரீஸ்தான் புகலிடம். ஒற்றுமை அவ்வளவுதான்.

மாஸ்கோவின் ஓரத்தில் லியனோசவோ என்ற இடத்தில், ஒரு மரக் கொட்டகை வீட்டில் ராபின் குடியிருந்தார். பிழைப்புக்கு ரயில்வேயில் சரக்கேற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடே கண்காட்சிக்கூடம். அவர் படங்களில் சாய்ந்த குடிசைகள், வோட்கா பாட்டில், செய்தித்தாள்மேல் கிடக்கும் மீன் என எல்லாமே சேற்று நிறத்தில் இருக்கும். 1974 செப்டம்பர் 15 அன்று பெல்யாயெவோவின் வெற்றுநிலத்தில் நண்பர்களோடு படங்களை வைத்தபோது அரசு புல்டோசர்களை ஏவியது. ராபின் ஒன்றின் முன்தகட்டைப் பிடித்துத் தொங்கினார். வெளிநாட்டு நிருபர்கள் பார்த்துவிட்டதால் அரசுக்குத் தலைகுனிவு. இரண்டே வாரத்தில் இஸ்மாயிலவோ பூங்காவில் கண்காட்சிக்கு அனுமதி கிடைத்தது.

ஷெமியாக்கின் லெனின்கிராடில் உருவான கலைஞர். ஓவியப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், மனநல மருத்துவமனையில் கட்டாயச் சிகிச்சைக்கு ஆளானார், ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் கூலிவேலை பார்த்தார். 1964இல் சக ஊழியர்களோடு அங்கே வைத்த கண்காட்சி உடனே மூடப்பட்டது. இயக்குநரின் பதவியும் போயிற்று. இத்தனை பட்டும் அவர் தன் தெருவை வரையவில்லை. முகமூடிகள், கோமாளிகள், மகா பீட்டரின் காலத்து ஆடம்பரம் இவைதான் அவர் உலகம்.

அந்த உலகத்துக்கு ஊர் தேவையில்லை. பாரீஸிலும் 1981க்குப் பின் நியூயார்க்கிலும் அது செழித்தது. 1991இல் பீட்டர்ஸ்பர்க் கோட்டைக்குள் அவருடைய வெண்கல பீட்டர் வந்து உட்கார்ந்தார். பெரிய உடலும் சிறிய மொட்டைத் தலையுமாக இருந்த மன்னரைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சிலை பிடிக்கும். ஆனால் ஷெமியாக்கினின் ஓவியங்கள் பலவற்றில் அலங்காரம் மிகுதி.

ராபினின் நிலை வேறு. பாரீஸை வரைந்தபோதும் அதே சேற்று வண்ணம், அதே மீன், அதே பாட்டில். தேங்கிவிட்டார் என்று சொல்லலாம்தான். எதிர்த்து நிற்க அரசு இல்லாதபோது பழைய காரமும் குறைந்தது உண்மை. ஆனால் புதிய ஊருக்காக அவர் தன் கண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. 1972இலேயே தன் கடவுச்சீட்டைப் பெரிதாக வரைந்து, இறக்கப்போகும் இடத்துக்கு எதிரே கேள்விக்குறி போட்டவர் அவர். 2018இல் ஃப்ளாரன்ஸில் இறந்தார், அடக்கம் பாரீஸில்.

கைத்திறனில் ஷெமியாக்கினே மேல். ஆனால் சோவியத் மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று அறிய விரும்புகிறவர் ராபினிடம்தான் போகவேண்டும்.