புரவியும் தீவனமும்: மாபார் நாட்டுக் குதிரைச் சாவு பற்றிய ஒரு மீள்நோக்கு

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடை, கொச்சியிலிருந்து வந்த வணிகரின் கடைகளால் அப்பெயர் பெற்றதென்பது மரபு. அக்கடல்வழி வந்தவை சரக்கு மூடைகள் மட்டுமல்ல. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை கொணர்ந்த கப்பல் வணிகன் ஒருவனின் மைந்தர் என்றே மகாவம்சம் கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த புரவிகளைப் பட்டினப்பாலை சுட்டுகின்றது. வந்த புரவிகளுக்கு யாது ஊட்டினர் என்னும் வினாவை நம்மவர் அதிகம் எழுப்பியதில்லை. எழுப்பியோர் அயலவர். அவர்தம் விடை தமிழர்மீது ஒரு குற்றச்சாட்டாகவே நிலைத்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகின்றான் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். சோறும் சமைத்த இறைச்சியும் ஊட்டப்பட்டன என்பதும், பேணும் முறை அறியாமையால் அவை மடிந்தன என்பதும் அவர் கூற்று. குதிரை மருத்துவர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்றும் அவர் சேர்த்துரைக்கின்றார். சாவு பெருகப் பெருக விற்பனையும் பெருகுமன்றோ! பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இன்னும் நுணுக்கமானவர். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்றும் கணக்கிடும் அவர், பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் கொடுக்கப்பட்டன என்கின்றார். நாற்பது நாள் முளையிற் கட்டிக் கொழுக்கவைத்தபின், பயிற்சியின்றி ஏறி விரட்டுவராம். வலிய குதிரை விரைவில் நலிந்து மந்தமாயிற்றாம்.

இவற்றை மிகைக் கூற்று என்று தள்ளுதல் எளிது. அறியாமைக்குச் சான்று என்று ஏற்றலும் எளிது. இரண்டும் போதா என்பது நம் கருத்து.

குதிரையின் குளம்புக்குள் எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைத்து நிற்பவை இலைபோன்ற மெல்லிய திசுக்கள். இவை அழன்று பிணைப்புத் தளர்ந்தால், உடலின் பாரம் எலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். குதிரை அடியெடுத்து வைக்கவும் அஞ்சும். இந்நோயைக் குளம்பழற்சி எனலாம். மிகுதியாக உண்ட மாப்பொருள் சிறுகுடலிற் செரியாது பின்குடலுக்குச் சென்று புளிப்பது இதற்கு ஒரு வழி. குருதியில் இன்சுலின் மிகுவது மற்றொரு வழி. கொழுத்த குதிரைகளிடத்து இதுவே பெரிதும் காணப்படுகின்றது. வாற்கோதுமை மிகுதியால் வரும் நோயைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபோன் பெயரிட்டுக் கூறியுள்ளார்.

இந்நோக்கில் வசாப் பழித்த வறுத்தல் முழுக் குற்றமன்று. வறுத்த அல்லது வெந்த மாப்பொருள் சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரிப்பதாற் பின்குடலிற் புளிப்புக் குறையும். ஆயின் குருதிச் சர்க்கரை விரைந்து ஏறும். உடன் இன்சுலினும் ஏறும். நாற்பது நாள் அசையாது நிற்கும் கொழுத்த விலங்குக்கு அதுவே கேடு. மாபார்க் குதிரைகள் யாவும் இதனால் மடிந்தன என்று நாம் துணியவில்லை. வெப்பமும், ஈக்கள் பரப்பும் சர்ரா நோயும் தம் பங்கைச் செய்திருக்கும். ஆயினும் உணவும் கட்டும் சேர்ந்த அம்முறை குளம்பழற்சிக்கு வாயில் திறப்பது என்பதில் ஐயமில்லை.

மாற்று, பட்டினி போடுவதன்று. ஈண்டுதான் பலர் தவறுகின்றனர். கொழுத்த மட்டக் குதிரையைத் திடீரெனப் பட்டினியிட்டால், உடற்கொழுப்புக் குருதியிற் பெருகி ஈரல் கெடும்; அது நோயினும் விரைந்து கொல்லும். எனவே தானியத்தை நிறுத்தி, சர்க்கரை குறைந்த உலர்புல்லை உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு, பலவேளையாகப் பகிர்ந்து கொடுப்பதே இன்றைய மருத்துவர் முறை. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது நாளொன்றுக்கு நாலரைக் கிலோ. புல்லை நீரில் ஊறவைத்து வடித்தாற் சர்க்கரை கரைந்து நீங்கும். அதனோடு உப்புச்சத்துக்களும் போவதால் அவற்றைத் தனியே ஈடுசெய்தல் வேண்டும்.

இம்முறைக்கு அண்மையான வழக்கம் தமிழரிடத்து இல்லாமலில்லை. ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணத்திற் குதிரைக்காரரோடு புல்லறுப்பவரும் தனியே இருந்தார். பெண்களும் இப்பணி செய்தனர். அறுகைப் பெயர்த்து மண் உதறிச் சுமையாகக் கொணர்வர். நாள் முழுதும் மெல்லுவதற்குப் புல். அதற்குமேல் வேலைக்கேற்பச் சிறிதளவு வேகவைத்த கொள்ளு. கொள்ளில் நூற்றுக்கு 22 பங்களவு புரதம் உண்டாயினும் மாப்பொருளும் மிகுதி. ஆகவே ஓடும் குதிரைக்கு அது உரம். கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்கு அன்று. குதிரைப் பந்தயம் 1893இற் காலிமுகத் திடலிலிருந்து கறுவாத் தோட்டத்துக்கு மாறிய காலத்திலும், இலங்கையிற் குதிரை பேணியோருட் பலர் தமிழ்க் குதிரைக்காரரே.

நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரியும் மட்டக் குதிரைகள் தானியம் அறியா, வன்புல்லே உணவு. நாள்தோறும் நடந்தே மேய்வதாற் கொழுப்பதற்கு இடமில்லை. அவற்றின் இடர் வேறு: வறட்சிக் காலங்களில் நீரும் புல்லுமின்றி அவை மடிகின்றன. அத்தீவில் மேய்ச்சல் எத்தனை குதிரைகளைக் கோடையிலும் தாங்கும் என்பதை அளந்தறிதல் இனிச் செய்யவேண்டிய ஆய்வு.